சக்கரத்துக்கு வைத்த கல்

மச்சான்,

வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு பார்த்து, இன்று காலையில்தான் பால் காய்ச்சினோம். வாடகை வீடானாலும் பால் பொங்காமல் உள்ளே பாய் விரிக்க விடமாட்டாள் உன் தங்கச்சி செல்வி. அடுப்பு வைக்கிற கடப்பாக்கல் மேடை வாசல் பக்கமாகச் சரிந்திருக்கிறது. பால் பொங்கியது பொங்கியதுதான், ஆனால் ஒரே பக்கமாக வழிந்து, அடுப்பை அணைத்து, மேடையோடு ஓடித் தரையில் சொட்டியது. செல்வி துணியைக்கூட எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "எங்கண்ணன் இருந்திருந்தா தட்டுல தண்ணி ஊத்தி மட்டம் பாத்திருப்பான்" என்றாள்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் உன்னைப் பற்றி அவள் திட்டாமல் சொன்ன முதல் வார்த்தை அது. அதைக் கேட்டதும் என்ன ஆனதோ, பதினோரு வருஷமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த முட்டுக்கல்லை எடுத்தவன் நான்தான் என்று. அவள் இப்போது வீட்டில் இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவிழ்க்காத மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உனக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

முதலில் உன்மேல் இருக்கிற எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எங்கே திட்ட விட்டாய்?

அந்த வண்டி உன் யோசனை. நினைவிருக்கிறதா? பெங்களூர் அடுகோடி ஷெட்டில் நீ வெல்டிங், நான் மரவேலை. லாரிக்கு பாடி கட்டி ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஸ்கூலில் ஓடி ஓய்ந்த மினிபஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டு நடுவில் நிறுத்தினாய். "மாப்ள, இதுல வீடு கட்டப் போறோம்" என்றாய். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் எல்லாம் சனி ஞாயிறு எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கிறார்களாம். இந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்களாம். நான் வேண்டாம் என்றேன். ஆறு மாதம் ஓய்வு நேரம் முழுக்க அதிலேயே கிடந்தேன், அது வேறு விஷயம்.

பின்பக்கம் கட்டில், அதன் தலைமாட்டில் பெரிய ஜன்னல். நடுவில் அடுப்பு மேடை, ஒரு சின்ன சிங்க், மேலே வரிசையாக அலமாரி. மரத்தில் நான் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், இப்போதும் சொல்வேன். நீ முதல்முறை அதை ஷெட் வாசலில் நிறுத்திக் கட்டிலில் படுத்தாய். தலை கீழே, கால் மேலே. சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் மூலையிலேயே நின்றது. நான் கொக்கி போட மறந்த அலமாரிக் கதவு ஒன்று தானாகத் திறந்து உன் நெற்றியில் அடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "வீடுன்னா நேரா நிக்கணும், மாப்ள. இது நிக்க மாட்டேங்குதே" என்றாய்.

அன்றையிலிருந்து உனக்கு மட்டம் என்கிற பைத்தியம் பிடித்தது. என்னிடம் ரசமட்டம் இருந்தது. கட்டிலில் வைத்தால் குமிழி சொல்லிவிடும். நீ அதைத் தொடமாட்டாய். எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, வண்டிக்குள் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, ஒற்றைக்கண்ணால் விளிம்பைப் பார்ப்பாய். "உன் குமிழி ஒரு பக்கம்தான் சொல்லும். தண்ணி நாலு பக்கமும் சொல்லும்." அதற்குள் தண்ணீரை நீயே கையால் தட்டிக் கொட்டியிருப்பாய். ஒரு நாளைக்கு எத்தனை தட்டுத் தண்ணீர் துடைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் வேலை தெரிந்தவன் நீ. அதை மறுக்க முடியாததுதான் பெரிய எரிச்சல். ஷெட்டு வாசல் சரிவிலேயே வண்டியை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் கண்டுபிடித்தாய். ஹேண்ட்பிரேக் போட்ட கையோடு சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்க வேண்டும். முதலில் இடம் வலம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் முன் பின். அதையும் பலகையால்தான் சரிக்கட்ட வேண்டும், ஜாக்கி வண்டி ஆடாமல் தாங்குவதற்கு மட்டும். ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்தால் புதைந்துவிடும், அடியில் அகலமாகக் கட்டை வேண்டும். ஜாக்கி போடும்போது வண்டிக்குள் ஒரு ஆள் இருக்கக்கூடாது. இதையெல்லாம் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாய். அதிலும் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரலே மாறும். "பின் சக்கரம் தரைய வுட்டுத் தூக்கவே கூடாது, மாப்ள. ஹேண்ட்பிரேக் புடிக்கறது பின் சக்கரத்த மட்டும்தான். அது அந்தரத்துல நின்னா, அப்புறம் வண்டியப் புடிச்சு நிறுத்தறது முன்னால வச்ச கல்லு மட்டும்தான்."

முன்னால் வைத்த கல் மட்டும்தான். இந்த வார்த்தை என் காதில் எத்தனை வருஷம் ஓடியிருக்கும் என்று உனக்குத் தெரியாது.

முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆனேக்கல் தாண்டி ஓர் ஏரிக்கு மேலே இருந்த ராகிக் காடு. நீ, நான், செல்வி, ஒரு வயது யமுனா. உன் பெண்டாட்டி, செல்வியின் அண்ணி, காய்ச்சலாக இருந்ததால் உங்கள் மர்பி டவுன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். காட்டுக்காரர் நல்ல மனுஷன். "இல்லி பேடாப்பா, கெளகே சமா இதெ, அல்லி ஹாக்கு" என்று கன்னடத்தில் சொல்லி, இங்கே வேண்டாமென்று கீழே சமமாக இருந்த களத்தைக் கையால் காட்டினார். நீ கேட்டாயா? களத்திலிருந்து ஏரி தெரியாதாம். "மட்டமான எடத்துல படுக்கத்தான் ஊர்ல வூடு இருக்கே, மாப்ள. காசு குடுத்து வர்றவன் கட்டில்ல படுத்துக்கினே தண்ணியப் பாக்கணும்." மேட்டைப் பார்த்து முகம், ஏரியைப் பார்த்து முதுகு என்று அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தினாய். கட்டில் ஜன்னலில் ஏரி முழுசாக வந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. வண்டியா வீடா என்ற கேள்வி. வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். அதை அடுகோடியிலேயே செய்துவிட்டோம். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். செல்வி காய்ச்சியே ஆக வேண்டும் என்றாள். நீ அவளுக்கு மேல். உள்ளே அடுப்பில் பால், வெளியே மூன்று கல் கூட்டிப் பொங்கல். எல்லாம் பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள். பால் நாலு பக்கமும் சமமாக வழிய வேண்டும் என்று சொன்னது யார்? நீதான். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "என் சாஸ்திரம்" என்றாய்.

பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பின் சக்கரங்களை இரண்டு பலகை உயரத்துக்கு ஏற்றினாய். முன் சக்கரங்களின் இறக்கப் பக்கத்தில் அடுகோடியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கருங்கற்களை வைத்தாய். நல்ல கனமான, மேலே தட்டையான கற்கள். தட்டில் தண்ணீர் ஊற்றினாய். இன்னும் நான்கு விரல் உயரம் தேவைப்பட்டது. கொண்டுவந்த பலகை தீர்ந்துவிட்டது. கீழே சமமாகக் களம் காலியாகக் கிடந்தது. மணி பத்து தாண்டியிருந்தது.

நான் அந்தப் பக்கம் அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தேன். உழுத மண், கல்லே இல்லை. வரப்போரம் தேடி ஒன்றுதான் கிடைத்தது. உள்ளேயிருந்து செல்வி, "இன்னுமா அடுப்புக் கூட்டறீங்க? நேரம் ஆகுது பாருங்க!" என்று கத்தினாள். நீ பின்னால் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாய். பலகைதான் சரிபார்க்கிறாய் என்று நினைத்தேன். வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. முன் சக்கரத்தில் அடுப்புக்கென்றே செதுக்கிய மாதிரி இரண்டு கற்கள். எடுத்தேன், மச்சான். சுலபமாக வந்தன. மூன்று கல்லையும் கூட்டிச் சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன். பானையை எடுத்து மேலே வைத்தேன். பொருத்தமாக உட்கார்ந்தது.

நீ பலகை சரிபார்க்கவில்லை. இரண்டு ஜாக்கியையும் போட்டு அந்த நான்கு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தாய். சக்கரம் பலகையை விட்டது. வண்டி பின்னால் ஒரு தள்ளு தள்ளி, ஜாக்கியிலிருந்து சறுக்கித் தடாலென்று விழுந்தது. விழுந்ததும் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மொத்தம் இரண்டடி போயிருக்கும். நீ பக்கவாட்டில் இருந்ததால் பிழைத்தாய். உள்ளே கொதித்த பால் கட்டில் பக்கமாகப் பறந்தது. கட்டிலில் யமுனா. செல்வி குறுக்கே கையை நீட்டியிருக்கிறாள்.

வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. யமுனாமேல் ஒரு சொட்டு இல்லை.

காட்டுக்காரரின் டெம்போவில் ஆனேக்கல் ஆஸ்பத்திரி. நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில். நீ பின்னால் நின்றுகொண்டு வந்தாய். கட்டுப் போடும்போதே அவள் உன்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் உள்ள இருக்கறப்ப ஜாக்கி போட்டியா நீ? பால் நேரா வழியணும்னு என் புள்ளையக் கொல்லப் பாத்தியா?" நீ, "ஆமா, நான்தான் தூக்கினேன்" என்றாய். அவ்வளவுதான். "கல்லு வச்சிருந்தேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நீ சொன்னால் உடனே ஒப்புக்கொள்வது என்று மனசுக்குள் தயாராக நின்றேன். நீ சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. நீயும் தப்புச் செய்தவன்தான், ஆள் உள்ளே இருக்கும்போது தூக்கினாய், தூக்கக்கூடாத சக்கரத்தைத் தூக்கினாய். அந்தத் தப்புக்குப் பின்னால் என் தப்பு வசதியாக ஒளிந்துகொண்டது.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்து வர நீ தனியாகத்தான் போனாய். காட்டில் என்ன பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். முன் சக்கரத்துக்குப் பின்னால் வெறும் பள்ளம். பத்தடி தள்ளி, கரியேறிய உன் இரண்டு கற்கள், மேலே வேகாத பொங்கல் பானை. மறுநாள் பானையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாய். என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு அறை விட்டிருக்கக்கூடாதா?

அடுத்த தை மாதம் யமுனாவுக்குக் காதுகுத்து. மர்பி டவுன் அம்மன் கோயில். தாய்மாமன் மடி உன்னுடையது, அதில் யாருக்கும் பேச்சில்லை. நீ புது வெள்ளைச் சட்டை போட்டு, சிவப்பு டப்பாவில் கம்மலோடு வந்தாய். செல்வி எல்லார் முன்னாலும், கட்டு அவிழ்த்த தழும்புக் கையை நீட்டிக்கொண்டு, "இவன் மடியில என் புள்ள உக்காராது" என்றாள். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். நான் கையிலிருந்த வாழைப்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பழம், ஒன்றில் காம்பு ஒடிந்திருந்தது. "கம்மல மட்டும் போடச் சொல்லு, மாப்ள" என்று டப்பாவை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு வெளியே போனாய். உங்கள் சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். குழந்தை வீறிட்டது. அது அடங்கிய பிறகுதான் வாசலில் உன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தக் கம்மலையும் செல்வி போடவிடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஷெட்டில் என் மேஜைமேல் இரண்டு இரும்பு முட்டுக்கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாய். தகட்டை வெட்டி முக்கோணமாக வெல்டு வைத்து, ஒரு பக்கம் கைப்பிடி, மேலே கூரான முனை. "இதுமேல பானை நிக்காது, மாப்ள" என்றாய்.

நான் மிஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி குனிந்து மரம் இழைத்தேன். மிஷின் ஓடவே இல்லை. கையில் இருந்தது இழைப்புளி.

அதன் பிறகு பத்து வருஷம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். வண்டியை நீ தனியாகவே ஓட்டினாய், வாடகைக்கு எடுப்பவர்களைக் கீழே சமமான இடத்தில் மட்டும்தான் நிறுத்தவிட்டாய், கடைசியில் விற்றும்விட்டாய். டீ குடிக்கும்போது ஊர்க்கதை எல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. செல்வி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து, அண்ணியோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்புவாள். உன் காரியம் முடிந்த அன்றுகூட அழுதுகொண்டே, "கடைசி வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கல பாரு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மனுஷனா நான்?

இன்று காலையில் சொன்னதும் அவள் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"அடுப்புக்கு."

"நான் கத்தினேனே, அதுக்கா?"

நான் துணியை எடுத்துத் தரையில் சொட்டியிருந்த பாலைத் துடைத்தேன். மிச்சமிருந்த பாலைத் தூக்கில் ஊற்றினாள். இன்னும் பிரிக்காத டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி அந்தச் சிவப்பு டப்பாவை எடுத்தாள். யமுனாவைச் செருப்புப் போடச் சொன்னாள். "எங்க?" என்றேன். "மர்பி டவுனுக்கு. நீங்க வராதீங்க."

இதுவரை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன், மச்சான். நாலு மணிக்கு அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். யமுனா காதில் நீ வாங்கிய கம்மல். ஒரு வயதுக் குழந்தைக்கு வாங்கியது, பன்னிரண்டு வயதுக் காதில் கடுகு அளவுதான் தெரிகிறது. "மாமா போட்டோவுக்கு முன்னால அம்மா போட்டுவிட்டாங்கப்பா" என்றாள். செல்வி தூக்கைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணிக்கு முன்னாடியே தெரியுமாம். அன்னிக்கு சாயங்காலமே அவன் சொல்லிட்டானாம். எனக்கு ஏன் சொல்லக்கூடாதுன்னு அண்ணி அவனக் கேட்டதுக்கு என்ன சொன்னானாம் தெரியுமா? 'அண்ணன் மேல கோவம்னா நம்ம வூட்டுக்கு வராம இருப்பா. புருஷன் மேல கோவம்னா கைக்கொழந்தையோட எங்க போவா? அவ அந்த வூட்ல இருக்கணும், சொல்லாத.'"

யாரைக் கேட்டு முடிவு செய்தாய், மச்சான்? என் வீடு நிற்குமா சாயுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் தங்கச்சியிடம் கேட்டாயா? களத்தில் நிறுத்து என்றால் கேட்காதவன், ரசமட்டத்தை வை என்றால் வைக்காதவன், இதை மட்டும் யாரைக் கேட்டுச் செய்திருக்கப்போகிறாய். பதினோரு வருஷம், ஒரு மருமகளின் காதுகுத்து, ஒரு தங்கச்சியின் பேச்சு, எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாயே. இப்போது வருவது அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

செல்வி இப்போது சமையலறையில் இருக்கிறாள். என்னோடு பேசவில்லை. ஆனால் வீட்டில் இருக்கிறாள். சற்றுமுன் போய் அடுப்பை நகர்த்தி, எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அடுப்புமேல் வைத்து, அதன் கால்களுக்கடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தேன். ரசமட்டத்தை எடுக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அந்தத் தழும்பு மேலே தெரிந்தது. உன் இரும்புக் கட்டைகள் இரண்டும் வாசலில் கிடக்கின்றன, மூட்டையோடு வந்தவை.

நீ பயந்த கோபம் கடைசியில் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷம் உன்னிடம் இருந்தது. இனி என்னிடம் இருக்கட்டும், மச்சான். நான் சுமக்கிறேன்.